கேமராவைப் பார்க்காதேம்மா

சினிமாக்காரர்கள் அவளை ஓவியக்காரி என்பார்கள். ஓவியர்களோ, "அது படம் பிடிக்கிற பொண்ணு" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். அம்மா அவளுக்கு வைத்த பெயர் ரெண்டுங்கெட்டான். கோபத்தில் இல்லை, வாய் நிறையச் சிரித்துக்கொண்டுதான்.

அவள் வேலை அப்படி. அம்மா துணி மடிப்பதை, வெங்காயம் உரிப்பதை, ஜன்னல் துடைப்பதை மணிக்கணக்கில் படம் பிடிப்பாள். சுவர் அகலத் துணியில் அதே அறையை வரைந்து, அதன்மேல் படத்தை ஓடவிடுவாள். வரைந்த ஜன்னலை அம்மா வந்து துடைப்பாள். கண்காட்சிக்கு வந்தவர்கள் வாயடைத்து நிற்பார்கள். எட்டு வருஷமாக இதே பிழைப்பு. அம்மாவுக்கு ஒரே சட்டம்தான்: கேமராவைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் காட்சி கெட்டுவிடுமாம். கெட்டதை மகள் அன்றன்றைக்கே அழித்துவிடுவாள். அதில் ஒரு கர்வம் வேறு.

அம்மாவோ பெரிய கூச்சக்காரி. வேறு யார் கேமராவைத் தூக்கினாலும் எழுந்து ஓடிவிடுவாள். மகளுக்காக மட்டும்தான் உட்கார்ந்தாள்.

போன மாதம், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

ஒரு காலையில் அப்பா மகளின் அறை வாசலில் வந்து நின்றார்.

"சுவத்துல மாட்ட ஒரு படம் வேணும்மா. அவ நேராப் பாக்கற மாதிரி. அடையாள அட்டையில இருக்கிறது திருடி மாதிரி இருக்கு. உங்கிட்டதான் எக்கச்சக்கமா இருக்குமே."

"இன்னிக்கே தரேம்பா."

இன்றைக்கென்ன, ஒன்பது நாள் தேடினாள். முதுகு, குனிந்த தலை, ஈரக் கைகள். பெற்றவளின் கண் ஓரிடத்திலும் இல்லை. அப்பா மறுபடி கேட்கவில்லை. சாப்பிடும்போது, சுவரில் தான் அடித்துவைத்த ஆணியைப் பார்ப்பார். கொள்ளையில் போன கலை என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பத்தாம் நாள் அழிக்க மறந்த ஒரு துண்டு கிடைத்தது. அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். திரையில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"முடிஞ்சுதா? இப்ப உன்னைப் பாக்கலாமா?"

"இரும்மா, இன்னும் ஓடுது." மகளின் குரல்தான்.

கையில் வெங்காயத்தோடு அம்மா சிரித்தபடி காத்திருந்தாள். மெல்ல முகவாய் உயர்ந்தது. கண் தெரியும் முன்பே படம் நின்றுவிட்டது.

அப்பா நின்றுபோன திரையையே பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஆசையாக் கேட்டிருக்கா. பாத்துக்கட்டும்னு விட்டிருக்கலாமேம்மா."

அந்தக் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அப்பா அவள் தலையைத் தடவிவிட்டு, இடுக்கியை எடுத்துக்கொண்டு போய் அந்த ஆணியைப் பிடுங்கினார்.