குதிரைக்குட்டிக்கு ரஷ்ய மொழியில் ஒரு பெயர்

மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு சவாரிக் குதிரையின் வயிற்றில் கை வைத்து அண்ணி நின்ற அந்த மாலைதான், அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருகிறது. அண்ணி நாவலூரில் ஓர் அலுவலகத்தில் ரஷ்ய மொழிபெயர்ப்பாளர். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், ஏழாம் மாதத்தில், அவருடைய பெண்குழந்தை வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. யாழினி என்று பெயர் வைத்து அதனோடு பேசிக்கொண்டிருந்தவர். செங்கல்பட்டு வீட்டில் அவர் அந்தப் பெயரைச் சொன்னபோது அம்மா, "பொறக்காத புள்ளைக்குப் பேரு எதுக்கும்மா? மனசுலேர்ந்து எடுத்துப் போடு" என்றார். மறந்தால் ஆறிவிடும் என்று அம்மா உண்மையாகவே நம்பினார். அண்ணி பேசுவதையே நிறுத்திக்கொண்டார்.

கொஞ்சம் காற்றாட இருக்கட்டும் என்று நான்தான் அவரைக் கடற்கரைக்கு அழைத்துப் போயிருந்தேன். "இது சவாரிக்கு வராதும்மா, சினையா கீது," என்றார் குதிரைக்காரர். தொடலாமா என்று அண்ணி கேட்டார். "தொடும்மா, ஒண்ணும் பண்ணாது."

உள்ளே குட்டி அசைந்திருக்க வேண்டும். அண்ணி கையை எடுக்கவேயில்லை. பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினார். "ரஷ்யன்ல குதிரைக்குட்டிக்கு ஜிரிப்யோனக்னு பேரு. அதோட வேரும் நாம வடமொழியிலேர்ந்து எடுத்துக்கிட்ட கர்ப்பத்தோட வேரும் ஒண்ணுன்னு சொல்றாங்க. கிரேக்கத்துலயும் அதுக்கு உறவா ஒரு சொல் இருக்கு. அங்க வயித்துல இருக்கிற புள்ளைக்கும் அதே சொல்தான், பொறந்த புள்ளைக்கும் அதேதான். அவங்க பிரிச்சுப் பாக்கல." மருத்துவமனையிலும் அழாதவர் அப்போது அழுதார். வேடிக்கை பார்ப்பவர்கள் கண்ணில் படாதபடி குதிரைக்காரர் குதிரையைத் திருப்பி நிறுத்தி அவரை மறைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி நேரே சமையலறைக்குப் போனார். "அத்தை, அவ பேரு யாழினி. பொறக்கலைன்னாலும் எம்புள்ளதான். நீங்க கூப்பிட வேணாம், நான் கூப்பிட்டா தடுக்காதீங்க." அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

அண்ணிக்கு அதன்பின் குழந்தை வாய்க்கவில்லை. போன தை மாதம் என் மகளுக்குப் பெயர் வைத்தோம். அம்மாதான் குழந்தையின் காதில் பெயரைச் சொன்னார். சொல்லி முடித்தும் நிமிரவில்லை. மறுபடி குனிந்து, "உங்க அக்கா பேரு யாழினி" என்றார்.

தொட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த அண்ணி, "இன்னொரு தடவை சொல்லுங்க அத்தை" என்றார்.

அம்மா சொன்னார்.