பதினோரு நாள் கிடந்த பதினைந்து மில்லி

அவளை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ‘திருத்தம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்து கவுன்ட்டரில் வேலை. நோட்டீஸ் போர்டில் ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால்கூடப் பேனாவோடு போய் நின்றுவிடுவாள். புத்தகம் கிடைக்காத நர்சிங் மாணவிகளுக்காக, தங்கையைக் கூடச் சேர்த்துக்கொண்டு ஆறு வருடமாக ஓர் இலவசப் பாடத்தளம் நடத்திவந்தாள். விக்கி மென்பொருளில் ஓடுவது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். யார், எப்போது, எந்த எழுத்தை மாற்றினார்கள் என்பதை அதுவே குறித்துவைத்துக்கொள்ளும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு தளத்தைப் பார்த்தாள். காய்ச்சல் மருந்துப் பாடத்தின் கீழே ஒரு மாணவி கேட்டிருந்தாள்: “அக்கா, கைக்குழந்தைக்குப் பதினைந்து மில்லியா?”

ஒன்றரை என்று இருக்க வேண்டிய இடம். 1.5-இல் புள்ளியைக் காணோம். முதலில் புள்ளியை வைத்தாள். பிறகு, எந்தப் பாவியின் வேலை இது என்று மாற்றங்களின் பட்டியலைத் திறந்தாள். அவள் பெயரே இருந்தது. பதினோரு நாளைக்கு முன்னால், பஸ்ஸில் நின்றுகொண்டு, ஃபோனில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியிருக்கிறாள். அதில் புள்ளி போயிருக்கிறது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை முந்நூற்றுப் பதினெட்டு தடவை திறந்திருந்தார்கள்.

தங்கைக்கு ஃபோன் போட்டாள்.

“சரி பண்ணிட்டே இல்ல? பட்டியல்ல இருக்கிற பழைய பதிவை மறைச்சிடுக்கா. நிர்வாகி நீதானே, ஒரு பட்டனைத் தட்டினா போச்சு. வேலைக்கே வேட்டு வெச்சுக்காதே.”

“மறைச்சிட்டா, எழுதி எடுத்துட்டுப் போனவளுக்கு எப்படிடீ தெரியும்? அவ கையில இன்னும் பதினைஞ்சுதானே இருக்கு?”

ஃபோனை வைத்தாள்.

பக்கத்தின் தலையில் சிவப்புக் கட்டம் போட்டு எழுதினாள்: ‘பதினோரு நாள் இங்கே தவறான அளவு இருந்தது. தவறு என்னுடையது. அச்செடுத்தவர்கள் கிழித்துப்போட்டுவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.’ தளத்தில் பதிந்திருந்த எல்லோருக்கும் அதையே அனுப்பினாள். சாப்பாடு அப்படியே இருந்தது.

குழந்தைகள் வார்டு அவள் கவுன்ட்டருக்கு நேர் மேலே. அந்த நாட்களில் அங்கே ஒரு குழந்தை வீறிட்டால் இவள் கையிலிருக்கும் மாத்திரை அட்டை கீழே விழும்.

வியாழக்கிழமை ஒரு நர்சிங் ஆசிரியை கூப்பிட்டார். “நாற்பது பிரதி எடுத்துக் குடுத்துட்டேம்மா. முப்பத்தொன்பது திரும்ப வாங்கிட்டேன். ஒருத்தி மட்டும் லீவுல ஊருக்குப் போயிருக்கா, ஃபோனை எடுக்க மாட்டேங்கிறா. அவ அக்காவுக்குக் கைக்குழந்தை வேற.”

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “கூப்பிட்டுட்டே இருங்க மேடம். விட்டுடாதீங்க.”

சனிக்கிழமை காலையில்தான் பதில் வந்தது. அந்தப் பெண் தாளைப் படிக்கவே இல்லையாம். அதை நோட்டுக்கு அட்டையாகப் போட்டிருந்தாளாம். “ஒரு பிள்ளை படிக்கலையேன்னு இன்னிக்குத்தாம்மா சந்தோஷப்பட்டேன்” என்றார் ஆசிரியை. சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள்.

இப்போது மருந்தளவில் யார் கைவைத்தாலும், இன்னொருவர் சரிபார்த்த பிறகே பக்கத்தில் தெரியும். அவளுக்கும் அதே விதிதான். சரிபார்க்கிற தங்கை சில சமயம் வேண்டுமென்றே ஒரு நாள் காக்கவைக்கிறாள்.

அந்தப் பக்கத்தைத் திறந்தவர்களில் பாதிப் பேரிடமிருந்து இன்றுவரை ஒரு வரிகூட வரவில்லை. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், உட்கார்ந்துகொண்டுதான் எடுக்கிறாள்.