நாகலெட்சுமி அக்காவின் இடது கை

எங்கள் சதுரங்கக் கழகத்துச் சுவரில் நாகலெட்சுமி அக்காவின் படத்தை மாட்ட வேண்டும் என்று ஒரே பேச்சில் முடிவெடுத்துவிட்டோம். எந்தப் படம் என்பதில்தான் ஒரு மாதம் இழுபறி.

யோகேஸ்வரன் அண்ணன் ஹட்டன் டவுனில் சலூன் வைத்திருக்கிறார். சலூனுக்கு மேலே உள்ள அறைதான் எங்கள் கழகம். அறை அவருடையது என்பதால் தலைவர் பதவியும் அவருடையது. நான் செயலாளர். பிழைப்புக்குப் பக்கத்துப் பார்மசியில் நிற்கிறேன். அவருக்கும் எனக்கும் எதிலும் ஒத்துப்போகாது. ஒத்துப்போனால்தான் மற்றவர்களுக்குப் பயம் வரும்.

அவர் கேட்டது, அக்கா இடது கையில் பிளாஸ்டர் கட்டோடு, வலது கையில் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கும் படம். லீக் போட்டியில் அக்கா ஜெயித்த ஒரே ஆட்டத்தன்று எடுத்தது. நான் கேட்டது வேறு. அதில் அக்கா பலகைக்கு முன்னால் இரண்டு கைகளாலும் காய்களைப் பிடித்திருப்பார். பக்கத்தில் நடுவர் சங்கடமான முகத்தோடு நிற்பார். அந்த ஆட்டத்தில் அக்கா தோற்றார்.

"தோத்த படத்த யாராச்சும் செவுத்துல மாட்டுவாங்களா? ஒனக்கு என்னமோ ஆயிருச்சு" என்றார் அண்ணன்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் அந்தப் படம் என்று சொல்வதற்கு அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அக்கா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவர். கணவர் அழகனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை, எப்போதாவதுதான் வருவார். மகள் சர்மிளா படிக்கிற காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து இந்த ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒரே பள்ளித் தவணையில் மகளுக்கு அலுத்துவிட்டது. அம்மாவுக்கு அப்போதுதான் பிடித்துக்கொண்டது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஆடுவதற்கு ஆள் கிடைக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி டவுனுக்கு வந்தார். சலூனுக்குள் நுழைந்து, ஒருவர் முகம் நிறைய நுரையோடு சாய்ந்திருக்கும்போது, "இங்க செஸ் வெளையாடுற எடம் எது?" என்று கேட்டார். அண்ணனின் கையில் கத்தி தவறாதது அந்த ஆளின் அதிர்ஷ்டம்.

அன்று அண்ணனைத் தோற்கடித்தார். அடுத்த வாரம் அண்ணனிடம் தோற்றார். எங்கள் எல்லோரிடமும் அப்படித்தான், பாதி ஜெயிப்பார், பாதி தோற்பார். பெரிய மேதை என்றெல்லாம் கதை விடப்போவதில்லை. ஆனால் அவர் இருக்கிற மேசையைச் சுற்றித்தான் ஆட்கள் நிற்பார்கள். இது வாயை மூடிக்கொண்டு ஆடுகிற ஆட்டம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார். மூலைவாட்டில் மட்டுமே போகிற மந்திரிக்கு அவர் வைத்த பேர் கண்டாக்கு. கொழுந்து பறிப்பவர்களை மேய்க்கிற தோட்டத்து உத்தியோகத்தர்தான் கண்டாக்கு. "நம்ம கண்டாக்கய்யா மாதிரியேதான் இவரும். நேரா வரமாட்டாரு, குறுக்கால வந்துதான் புடிப்பாரு" என்பார்.

ஜெயித்தால் எதிராளியை எழுந்து போக விடமாட்டார். பையிலிருந்து ரொட்டியும் கட்டச் சம்பலும் எடுத்து வைத்து, "தோத்தவங்கதான் மொதல்ல சாப்புடணும்" என்பார். அந்த ரொட்டிக்காக வேண்டுமென்றே தோற்றவர்களும் எங்களில் உண்டு. பேர் சொல்லமாட்டேன், அவர் கழகத்தின் தலைவர்.

பெட்ரோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருடத்தில் பஸ் ஒழுங்காக ஓடவில்லை. கரண்ட் பாதி நேரம் இல்லை. ஆட்கள் வருவது நின்றுபோனது. கழகத்தை மூடிவிடலாம் என்று அண்ணனும் நானும் அபூர்வமாக ஒத்துப்போனோம். அதை அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. அவர் டிக்கோயாவிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். சலூனில் சாவியை வாங்கிக்கொண்டு மேலே போய், இரண்டு பக்கத்துக் காய்களையும் அடுக்கி, தன்னோடு தானே ஆடிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறும் அதே கதை. கீழே முடி வெட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்கு, மேலே ஒற்றை ஆள் பேசுகிற சத்தம் கேட்கக் கேட்க இருப்புக் கொள்ளவில்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஏறிப் போனார். பிறகு நான் போனேன். கழகம் இன்றைக்கும் இருப்பதற்கு அதுதான் காரணம், வேறு கொள்கை எதுவும் கிடையாது.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் இரண்டு கையாலும் செய்வார். கொழுந்து பறிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு கை பறிக்கும்போது மறு கை சும்மா இருக்காது. இரண்டும் செடிமேல் ஓடும், நிறைந்ததும் இரண்டும் சேர்ந்தே தோளுக்குப் பின்னால் கூடைக்குப் போகும். அந்தக் கைகளைக் கொண்டுவந்து பலகைக்கு முன்னால் வைத்தால் வேறென்ன செய்யும்? எதிரியின் காயை இடது கை எடுக்கிற அதே நேரத்தில் வலது கை தன் காயை அந்தக் கட்டத்தில் வைத்துவிடும். கோட்டை கட்டுவது என்று ஒன்று உண்டு. ராஜாவை மூலைப் பக்கம் ஒதுக்கி, கோட்டைக் காயை அதன் மறுபக்கம் காவலுக்குக் கொண்டுவருவது. அக்கா கோட்டை கட்டினால் இரண்டு காயும் இரண்டு கையில் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக இறங்கும். பார்க்க அழகாக இருக்கும்.

போட்டியில் அது குற்றம். ஒரு நகர்த்தலை ஒரு கையால்தான் செய்ய வேண்டும். முதல் தடவை இரண்டு கை பட்டால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுப்பார்கள். இரண்டாம் தடவை பட்டால் ஆட்டமே போச்சு. எங்கள் அறையில் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. நுவரெலியாவில் வருடா வருடம் நடக்கிற லீக்கில் பார்ப்பார்கள்.

அணிக்கு நான்கு பேர். கணிதம் படிப்பிக்கிற ஜெனிதா டீச்சர், அண்ணன், நான், அக்கா. அக்கா போகிற வருடமெல்லாம் இரண்டு கையாலேயே தோற்றுவிட்டு வந்தார். நாங்களும் எல்லா வைத்தியமும் பார்த்தோம். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொன்னோம். முந்தானையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னோம். யோசனை ஆழமாகப் போனதும் கை தானாக வெளியே வந்துவிடும். நடுவர் சிங்களவர், நல்ல மனிதர். ஒவ்வொரு தடவையும் தானே தப்புச் செய்த மாதிரி வந்து நின்று, "அக்கே, அத் தெகம" என்பார். இரண்டு கையும் பட்டுவிட்டது என்று அர்த்தம்.

"எங் கை நாஞ் சொன்னா கேக்காது தம்பி. காலையில இருந்து அதுகளாத்தான வேல செய்யுதுக" என்பார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் லீக்கில் ஒரு ஆட்டமாவது ஜெயித்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. எங்களைவிட அதிகமாகவே இருந்தது.

பிறகு ஒரு ஆனி மாத மழையில், மலையில் கால் வழுக்கிக் கானுக்குள் விழுந்தார். மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தேயிலைக்கு நடுவே வெட்டிவிடுகிற வாய்க்கால்தான் கான். இடது மணிக்கட்டு உடைந்தது. ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டு, கழுத்தில் துணி கட்டித் தொங்கவிட்டார்கள். லீக் நெருங்கியிருந்தது. வரவேண்டாம் என்று சொன்னோம். "கைதான ஒடிஞ்சிருக்கு" என்று பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மிச்சத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள். அன்று அக்காவுக்கு ஒரே கைதான். நடுவர் பக்கத்தில் வரவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. நுவரெலியாக் கழகத்து வங்கிக்காரர் ஒருவரை நிதானமாக மடக்கி ஜெயித்தார். ஜெனிதா டீச்சர் அவரைச் சான்றிதழோடு வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார். அண்ணன் கேட்கிற படம் அதுதான்.

திரும்பும்போது அண்ணன் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "கைய முன்னயே ஒடச்சிருக்கலாம்க்கா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, பிளாஸ்டருக்கு வெளியே தெரிந்த விரல்களை மடக்கிப் பார்த்தார். அவை மடங்கவில்லை.

பிளாஸ்டரை வெட்டிய பிறகும் மடங்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிட்ட வந்து நின்றுவிடும், சேராது. கொழுந்தை அந்த இரண்டு விரலால்தான் கிள்ள வேண்டும். ஒற்றைக் கையால் பறிக்கிறவருக்கு அரைநாள் சம்பளத்துக்குக்கூடப் பேர் போடமாட்டார்கள். நர்சரியில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை கொடுத்தார்கள், அதுவும் வருடக் கடைசிவரைதான் என்று கண்டாக்கு சொல்லிவிட்டார். கை வராவிட்டால் தோட்டத்தில் பேரை வெட்டிவிடுவார்கள், பேர் போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும் என்று அக்கா பயந்தார். ஜெனிதா டீச்சர், சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினீர்களா என்று கேட்டதற்கு, "அத வச்சுக் கொழுந்து பறிக்க முடியுமா டீச்சர்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு முன்பே வந்து, எல்லாப் பலகைகளிலும் இடது கையால் காய்களை அடுக்கிக்கொண்டிருப்பார். சிப்பாய் விரல்களுக்கு நடுவே நழுவி விழும், மேசைக்கு அடியில் உருளும். குனிந்து எடுத்து மறுபடி இடது கையிலேயே பிடிக்கப் பார்ப்பார். ஒருமுறை நான் எடுத்துக் கொடுக்கப் போனேன்.

"ஒங் கை நல்லாத்தான இருக்கு? அதச் சும்மா இருக்கச் சொல்லு" என்று விரட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. அக்காமேல் இல்லை, யார்மேல் என்றே தெரியாத கோபம். நாளெல்லாம் வலிக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறவன் நான். அந்த இரண்டு விரலுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

வருடக் கடைசியில் அவரைத் திரும்ப மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பினார்கள். "கை வந்துருச்சாக்கா?" என்று கேட்டால் "பாப்பம்" என்பார். பக்கத்து நிரையில் பறிக்கிற வேலாயி தன் கூடையிலிருந்து அள்ளிப் போட்டுத்தான் பல நாள் எடை காட்டினார் என்பது பிறகு தெரிந்தது. இது எத்தனை நாள் ஓடும் என்று அக்காவுக்கும் தெரியாது, வேலாயிக்கும் தெரியாது.

அப்படி இருக்கும்போதுதான் அடுத்த லீக் வந்தது. பஸ்ஸில் அண்ணன், "எடது கைய சுவெட்டர் பைக்குள்ள வச்சிக்கங்க. பிளாஸ்டர் இருக்குன்னு நெனச்சிக்கங்க" என்று பாடம் எடுத்துக்கொண்டே வந்தார். அக்கா சரி சரி என்று தலையாட்டினார்.

என் பலகை அக்காவுக்குப் பக்கத்தில். போட்டி நடத்தியவர்களின் படப்பிடிப்பாளர் மேசை மேசையாகப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். அக்காவை அறிந்த நடுவர் முன்னெச்சரிக்கையாக அருகிலேயே நின்றார். ஓரக்கண்ணில் ஏதோ ஓடிய மாதிரி இருந்தது. திரும்பினேன். அக்கா கோட்டை கட்டிக்கொண்டிருந்தார். வலது கையில் ராஜா. சுவெட்டர் பைக்குள் இருந்த இடது கை எப்போது வெளியே வந்தது என்று தெரியாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கோட்டையின் தலையைக் கிள்ளித் தூக்கி, ராஜாவோடு சேர்த்து இறக்கின. நான் கேட்ட படம் அந்த நொடியில் எடுத்ததுதான். காய் ஆடவில்லை. கட்டத்தின் நடுவில் நேராக நின்றது.

அக்கா கடிகாரத்தை அழுத்தினார். நடுவர் குனிந்து, "அக்கே, அத் தெகம" என்றார்.

அக்கா தன் இடது கையைத் தூக்கினார். அது யாருடையதோ என்பதைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு விரலையும் ஒருமுறை சேர்த்துப் பிரித்தார்.

"ஆமாங்க மாத்தயா, அத் தெகம" என்றார்.

நான் எந்தக் காயை நகர்த்த இருந்தேன் என்பது மறந்துபோனது. தோல்வி என்றாலே சாப்பாடு இறங்காத யோகேஸ்வரன் அண்ணன் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு எழுந்து வந்து, அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அக்கா ஒரு குதிரையை இரண்டு கையாலும் வெட்டி ஆட்டத்தை இழந்தார். அந்த ஒரு புள்ளியில் எங்கள் அணியும் தோற்றது. தோற்று அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்கா அவித்த கடலையை மடியில் கொட்டி, இரண்டு கையாலும் உரித்து உரித்து எங்களிடம் நீட்டினார். "தோத்தவங்கதான் மொதல்ல சாப்புடணும்" என்றார்.

"நீங்களுந்தான தோத்தீங்க?" என்றார் ஜெனிதா டீச்சர்.

"அதான் நானும் திங்கிறேன்" என்றார் அக்கா.

போன ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து இறக்கும்வரை அவர் தோட்டத்தில் பேர் போட்டுக்கொண்டுதான் இருந்தார். எடைக்கு வேலாயியின் கைப்பிடிக் கொழுந்து பிறகு தேவைப்படவில்லை.

இதை எல்லாம் அண்ணனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவர் பார்த்தவர். ஆனாலும், வெளியாட்கள் வந்தால் அக்காவை ஜெயித்தவராகத்தான் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வீம்பு. ஒரு ஞாயிறு இரண்டு படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வாதாடவில்லை. அவர் பிளாஸ்டர் கட்டிய கையை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஆணியும் சுத்தியலும் எடுக்கக் கீழே இறங்கிப் போனார்.

போன வாரம் கழகத்தில் சேருவதற்குத் தபால் கந்தோரில் வேலை செய்யும் ஒருவர் வந்திருந்தார். சுவரில் அக்கா இரண்டு கையாலும் காய்களைப் பிடித்திருக்கும் படத்தைப் பார்த்து, "இவங்க ஜெயிச்சப்ப எடுத்ததா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "ஆமா" என்றார்.

நான் திருத்தவில்லை.