இருந்துட்டுப் போங்க சம்மந்தி

கல்பனா தன் மாமனார் மாமியாரை வீட்டை விட்டுக் கிளப்பத்தான் தன் அப்பா அம்மாவை வரவழைத்திருக்கிறாள் என்று அபிஷேகப்பாக்கத்தில் ஒரு பேச்சு. பால் சொசைட்டியில் யாரோ சொன்னதை யாரோ கேட்டு, அவர்களிடமிருந்து அடுத்த வீட்டு விஜயகுமாரி கேட்டு, காய்ந்த துணி எடுக்க வந்த சாக்கில் மதிலுக்கு மேலாகக் கல்பனாவிடம் சேர்த்தாள். தன் பங்குக்கு ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை என்று சத்தியமும் செய்தாள். யாரும் கேட்காமல் செய்கிற சத்தியத்துக்கு என்ன மதிப்போ, அதைக் கல்பனா கொடுத்தாள்.

"எனக்கு இன்னாடி, நான் நம்பல. ஆனா ஊரு பேசுது. ஒரே வூட்டுல ரெண்டு சம்மந்தியும் இத்தினி நாளு இருந்தா பேசாம இருக்குமா?"

"பேசிட்டுப் போவட்டும் அக்கா. பேசுனா வாயி வலிக்கும், தானா நிறுத்திடுவாங்க."

கல்பனாவுக்குக் கோபம் வரவில்லை. ஊரார் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தப்பாகச் சொல்வதென்றாலும் முழுத் தப்பாகச் சொல்வார்கள். வீட்டில் இருக்கும் நான்கு பெரியவர்களில் யாராவது இரண்டு பேராவது பள்ளிக்கூடம் திறக்கும்வரை கிளம்பக் கூடாது என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டிருந்தவள் அவள்.

கல்பனா செல்லிப்பட்டில் பிறந்தவள். சங்கராபரணி ஆற்றோரம் அவள் அப்பா மணவாளனுக்குக் கொஞ்சம் கரும்புக் கொல்லை. அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி டவுனுக்குப் போய் பி.காம். முடித்தாள். அந்தப் படிப்பில் குடும்பத்துக்கே பெருமை. கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் அது அச்சாகிற வரைக்கும் அந்தப் பெருமை குறையவே இல்லை. அதன்பிறகு அந்தப் பட்டம் மகன் அரிகரனின் பின்னக் கணக்குக்கும், தெருவில் யாராவது கேஸ் புக் பண்ணினால் போனில் வரும் நம்பரைப் படித்துச் சொல்வதற்கும் பயன்பட்டது. ஒரு பட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் எல்லார் முகத்திலும் அந்தத் திருப்தி இருந்தது.

இந்த மே மாதத்தில்தான் அவள் யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாள். டவுனுக்குப் போகும் வழியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பில் போடும் கவுண்டருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு இன்டர்வியூவுக்குப் போய் வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று அங்கே கேட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொண்டேன், இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன் என்றாள். "அப்போ எக்ஸ்பீரியன்ஸ் எதுவும் இல்லை" என்று எழுதிக்கொண்டார்கள். இருந்தாலும் அவள் கணக்கில் வேகமாக இருந்ததால் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியிருக்கிறது. சனிக்கிழமை காலையில் கூப்பிடுவோம், திங்கட்கிழமை சேர வேண்டும், பிள்ளைகளைக் காட்டி லீவு கேட்கக் கூடாது, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று போனிலேயே உறுதி சொல்ல வேண்டும், போனை எடுக்காவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவோம் என்றார்கள்.

ஆளா இல்லை. வீடு நிறைய ஆட்கள்.

மாமனார் நடேசனும் மாமியார் ருக்குமணியும் பாகூரில் பெரிய மகன் வீட்டோடு இருக்கிறார்கள். பாகூருக்கும் அபிஷேகப்பாக்கத்துக்கும் நடுவில் கடல் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு மே மாதமும் நடேசன் கப்பலில் இருந்து இறங்குபவர் மாதிரித்தான் வருவார்: தன் தலையணை, தன் டம்ளர், குடிப்பதற்குப் பாகூர்த் தண்ணீர் ஒரு கேன். இந்த வருஷம் அவர் வந்து இறங்கிய அதே நாளில் செல்லிப்பட்டிலிருந்து கல்பனாவின் அப்பா மணவாளனும் அம்மா செங்கமலமும் பலாப்பழத்தோடு பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தார்கள். ஒரே ஒரு ராத்திரி தங்குவதாகத் திட்டம். பெண் கொடுத்த வீட்டில் அதற்குமேல் தங்குவது மரியாதை இல்லை.

மறுநாள் காலையில் மணவாளன் பையை எடுத்தார்.

"இன்னா சம்மந்தி, நாங்க வந்து எறங்குனதும் நீங்க கெளம்பறீங்க? எங்க மொகத்த பாக்கப் புடிக்கலையா?" என்றார் நடேசன்.

"ஐயோ, அப்பிடிலாம் இல்ல சம்மந்தி. கொல்லைக்குத் தண்ணி கட்டணும்."

"கொல்ல எங்க ஓடிடும்? இருந்துட்டுப் போங்க."

இந்தப் பக்கத்தில் கிளம்புகிறவரிடம் இதைச் சொல்லாத ஆள் மனுஷனே இல்லை. அதே மாதிரி, இதைக் கேட்டுவிட்டு நிஜமாக இருந்துவிடுகிறவரும் பெரிய மனுஷன் இல்லை. ஒருத்தர் மூன்று முறை இருக்கச் சொல்ல வேண்டும், மற்றவர் மூன்று முறை மறுக்க வேண்டும், அப்புறம் இரண்டு பேரும் சந்தோஷமாகப் பிரிய வேண்டும். மணவாளனுக்கு அன்றைக்குக் கை வலியோ என்னவோ, இரண்டாவது முறையிலேயே பையைக் கீழே வைத்துவிட்டார். நடேசனின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது.

அதோடு எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். சம்பந்தியின் வார்த்தையை மதித்து உட்கார்ந்துவிட்ட மணவாளன் அவராக விடை கொடுக்காமல் எழுந்திருக்க முடியாது. பெண் வீட்டாரை உட்கார வைத்துவிட்டு நடேசன் முன்னால் கிளம்பினால், கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று ஆகிவிடும். "எப்போ கெளம்பறீங்க" என்ற கேள்வியை அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்க வழியில்லை. ஒரு வாரம் போனது, இன்னொன்றும் போனது. செல்லிப்பட்டில் கரும்பு காய்ந்தது.

வீட்டுக்குள் மரியாதை வெயிலைவிட அதிகமாகக் கொளுத்தியது. டிவி ரிமோட்டை நடேசன் மணவாளனிடம் நீட்டுவார், மணவாளன் திருப்பி நீட்டுவார், கடைசியில் இரண்டு பேரும் யாருக்கும் பிடிக்காத ஒரு நகை விளம்பர நிகழ்ச்சியை முழுதாகப் பார்ப்பார்கள். டேபிள் ஃபேனை இவர் அவர் பக்கம் திருப்புவார், அவர் இவர் பக்கம் திருப்புவார், காற்று நடுவில் இருந்த நாற்காலிக்கு வீசும். ஞாயிற்றுக்கிழமை கல்பனாவின் புருஷன் மணிவண்ணன் நல்லவாடு கடற்கரைக்குப் போய் வஞ்சிர மீன் வாங்கி வந்தான். தலைத் துண்டு யாருக்கு என்பதில் இரண்டு அம்மாக்களும் காட்டிய பெருந்தன்மையில் அது நான்கு தட்டு மாறிக் கடைசியில் பூனைக்குப் போனது.

இந்த லீவில் உண்மையாகவே லாபம் பார்த்தவர்கள் பிள்ளைகள்தான். பாகூர் ஆயா ருக்குமணி ஐஸ் கூடாது என்றால் அரிகரன் நேராகச் செல்லிப்பட்டு ஆயாவிடம் போவான். சின்னவள் பிரியதர்ஷினி இன்னும் கெட்டிக்காரி. ஒரு ஆயா வாங்கித் தந்ததைத் தின்றுவிட்டு, அடுத்த ஆயாவிடம் போய் வெறும் வாயோடு நிற்பாள்.

எட்டுப் பேருக்குச் சோறாக்கி, எட்டுப் பேர் துணி துவைத்து, கல்பனா மட்டும் முகம் வாடாமல் இருந்தாள். மருமகளுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று ருக்குமணியே ஒருநாள் சொன்னாள். நல்ல மனசு ஒரு பக்கம் இருக்கட்டும். இவர்கள் இப்படியே ஒருத்தரை ஒருத்தர் மதித்துக்கொண்டு ஜூன் வரைக்கும் இருந்தால் போதும், திங்கட்கிழமை அவள் நிம்மதியாக பஸ் ஏறலாம்.

வேலை விஷயம் தெரிந்த ஒரே ஆள் மணிவண்ணன்.

"இப்பவே சொல்லிடேன் அவங்ககிட்ட" என்றான் அவன், வெள்ளிக்கிழமை ஷிப்டுக்குக் கிளம்பும்போது.

"போன் வரட்டும். கெடைக்கறதுக்கு முன்னாடி சொன்னா கண்ணு பட்டுடும். நீங்களும் ஒளறி வெக்காதீங்க."

"நான் எங்க சொன்னேன்? இந்த வூட்டுல நான் எதுனா சொல்லிக்கீறேனா?"

அது உண்மை.

பால் சொசைட்டியில் பிறந்த பேச்சு மதிலோடு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் அது ருக்குமணியின் காதுக்கு வந்தது. மளிகைக்கடையில் செங்கமலத்தின் காதுக்கும் வந்தது. அது அவர்கள்வரை வந்து சேர்ந்தது கல்பனாவுக்கு மட்டும் தெரியாது. சனிக்கிழமை காலையில் போனை முழுசாக சார்ஜ் பண்ணி, ஃபிரிட்ஜ் மேல் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால், பைகள் வரிசையாக நிற்கின்றன. பாகூர்த் தலையணை கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. வாசலில் ஆட்டோ.

"இன்னா அத்த இது?"

"கெளம்பறோம்மா" என்றாள் ருக்குமணி. "ஊரு பேசறது உங் காதுல வுழல? உங்க அம்மா வந்து எங்கள தொரத்தறாங்களாம். நல்லா இருக்குது பேச்சு."

"எம் பொண்ணு பேரு கெடக் கூடாது, நாங்க கெளம்பறோம்னு நாந்தான் மொதல்ல சொன்னேன்" என்றாள் செங்கமலம்.

"நீங்க மட்டும் போனா நாங்க உங்கள தொரத்துனதா ஆவும் சம்மந்தி. அதான் ஒரே ஆட்டோல தவளக்குப்பம் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் சேந்தே போறோம். தெருவே வந்து பாக்கட்டும்" என்றாள் ருக்குமணி.

இரண்டு வாரத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் இது. அதில் அவர்களுக்கு இருந்த சந்தோஷத்தைக் கல்பனா பார்த்தாள்.

"இருங்க அத்த. இன்னா இப்ப அவசரம்."

"இருக்கட்டும்மா."

"நெசமா சொல்றேன், இருங்க. அம்மா, நீயாச்சும் இரேன்."

"பாத்தீங்களா சம்மந்தி, எவ்ளோ மரியாதையா இருக்கச் சொல்லுது" என்றாள் ருக்குமணி. "எல்லாம் உங்க வளப்பு."

கல்பனா மூன்றாவது முறையும் சொன்னாள். மூன்றாவது முறை சொன்னதும் எல்லாருக்கும் நிம்மதி வந்துவிட்டது. முறை முடிந்தது, இனி கிளம்பலாம். மணிவண்ணன் பைகளைத் தூக்கி ஆட்டோவில் வைக்க ஆரம்பித்தான்.

"நீங்களாச்சும் சொல்லுங்களேன்" என்றாள் அவனிடம்.

"இருங்களேன்பா" என்றான் அவன், தலையணையை சீட்டுக்குப் பின்னால் திணித்தபடி.

வேறு வழியில்லாமல் கண்ணு படுவதைப் பற்றிக் கவலைப்படாமல் கல்பனா போட்டு உடைத்தாள். "மாமா, எனக்கு ஆஸ்பத்திரியில வேல கெடைக்கப் போவுது. இப்ப போன் பண்ணுவாங்க. திங்கக்கெழம சேரணும். புள்ளைங்கள பாத்துக்க ஆளு வோணும்."

திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். விழவில்லை. நடேசன் முகமெல்லாம் சிரிப்பு. "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? போம்மா, நல்லா போ. படிச்ச படிப்பு வீணாவக் கூடாது." ருக்குமணி குங்குமத் தட்டை எடுத்து வந்து அவள் நெற்றியில் வைத்தாள். மணவாளன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அவளுக்கு இவ்வளவு ஆதரவு இருந்தது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்போ இருப்பீங்க இல்ல?"

"புள்ளைங்களுக்கு இன்னா குற? உங்க அம்மா இருக்காங்க" என்றாள் ருக்குமணி. "பெத்தவ இருந்தா உனக்கும் தெம்பா இருக்கும்." சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

"ஐயோ, அது எப்பிடி?" என்றாள் செங்கமலம். "பாகூர் ஆயா இருக்கும்போது நான் உக்காந்துகினா ஊரு இன்னா சொல்லும்? அவங்க பேரப்புள்ளைங்க, அவங்களுக்குத்தான் மொதல்ல." சொல்லிவிட்டு அவளும் ஏறினாள்.

"உங்களுக்கு மட்டும் பேரப்புள்ளைங்க இல்லையா?"

"இருந்தாலும் உங்களுக்கு அப்பறந்தான் சம்மந்தி நாங்க."

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உரிமையை இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மனசார விட்டுக்கொடுத்தபடி, ஒரே சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டார்கள். எதிர் வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். மதிலுக்கு மேல் விஜயகுமாரியின் தலை தெரிந்தது. காட்சி நினைத்தபடி அமைந்துவிட்டதில் ருக்குமணி செங்கமலத்தின் தோளில் ஒரு கையையும் போட்டுக்கொண்டாள்.

கல்பனாவின் கையில் தட்டு வந்து சேர்ந்திருந்தது. குங்குமம், வெற்றிலை, இரண்டு ரவிக்கைத் துண்டு. ஊருக்குக் கிளம்பும் சுமங்கலிகளுக்குக் கொடுக்காமல் அதைக் கீழே வைக்கக் கூடாது. அவள் படியிறங்கிப் போவதற்குள் உள்ளே ஃபிரிட்ஜ் மேல் போன் அடித்தது.

"அம்மா, போனு" என்றான் அரிகரன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். வெகுநாளைக்குப் பிறகு ரிமோட் அவன் கைக்கு வந்திருந்தது.

"போன் அடிக்குது பாரும்மா, ஆஸ்பத்திரியா இருக்கும்" என்றாள் ருக்குமணி ஆட்டோவுக்குள்ளிருந்து, ரொம்ப அக்கறையாக.

போய் எடுக்கலாம். எடுத்தால், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று கேட்பார்கள். கல்பனா ஆட்டோவைப் பார்த்தாள். அது இன்னும் கிளம்பவில்லை. டிரைவர் பக்கத்தில் மிச்சம் இருந்த இடத்தில் யார் உட்காருவது என்று நடேசனும் மணவாளனும் ஆளுக்கொரு பக்கம் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க உக்காருங்க சம்மந்தி."

"மொதல்ல நீங்க."

"இருக்கட்டும், நீங்க."

போன் அடித்துக்கொண்டிருந்தது.