கூட்டாத வீடு

கார்கில் சண்டை நடந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது இருக்கும். அந்தச் சண்டையால் எனக்கு ஒரு லாபம் கிடைத்தது. வீடு கூட்டுகிற வேலை இல்லாமல் போனது.

அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளைக்குப் போகும்போது என்னைச் செட்டிகுளத்தில் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டில் சித்தி, அவளுடைய மாமியார், நான். சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார். எங்கள் தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போன ஒரே ஆள் அவர்தான். நான் சாப்பிடுகிற சோற்றுக்கு வீடு கூட்ட வேண்டும், தண்ணீர் எடுக்க வேண்டும், பள்ளிக்கூடம் போக வேண்டும். மூன்றாவதை யாரும் வற்புறுத்தவில்லை. நானும் போகவில்லை.

லீவில் வந்திருந்த சித்தப்பாவை லீவு முடிவதற்குள் தந்தி கொடுத்துத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஈரத்துணியை அப்படியே பெட்டியில் திணித்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் போய்விட்டார். பஸ் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்த மாமியார் உள்ளே வந்ததும் முதலில் சொன்னது விளக்குமாற்றைப் பற்றித்தான்.

“அவன் போயி எறங்குற வரைக்கும் வெளக்கமாத்த யாரும் தொடாதீங்க.”

இது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஒருவர் வெளியூர் கிளம்பினால் அவர் போய் இறங்கும் வரை வீட்டைக் கூட்டக்கூடாது. ஆள் போனதும் கூட்டிக் கழுவுவது சாவு வீட்டில்தான். பெரம்பலூருக்குப் போனவருக்கு ஒரு மணி நேரம் பொறுத்தால் போதும். மெட்ராஸுக்கு ஒரு பகல். சித்தப்பாவின் ரயில் வடக்கே போய் நிற்கச் சில நாள் ஆகும். அதன்பின் மாமியார், “எறங்கியிருப்பான், கூட்டுங்க” என்பார். சித்தி விளக்குமாற்றை என் கையில் கொடுப்பாள். ஆனால் இந்த முறை எங்கே போய் இறங்குவோம் என்று சித்தப்பாவுக்கே தெரியவில்லை.

அது விதை வெங்காயம் ஆயும் மாசம். காட்டுக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். வாலைக் கிள்ளி, அழுகலைப் பொறுக்கி, காய்ந்த தோலை உதிர்த்துக் கொடுத்தால் கூலி. சின்ன வெங்காயத்தின் தோலுக்குக் கனம் கிடையாது. ஒரு ஆள் நடந்தால் எழும்பும், நின்றால் உட்காரும். முதல் வாரத்தில் கணுக்கால் மறைந்தது. குழம்பில் கிடந்தது, தலையில் கிடந்தது, பாயை உதறினால் பறந்தது. பக்கத்து வீட்டு டிவியில் மலையும் பனியும் காட்டினார்கள். எனக்கு அந்தப் பனியும் எங்கள் வீடும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. வாசலை மட்டும் மாமியார் தினமும் கூட்டாமலே தெளித்துக் கோலம் போட்டுவிடுவார். கோலம் இல்லாத வாசலைப் பார்த்தால் ஊர் வேறு மாதிரி பேசும்.

ஊருக்குத் திடீரென்று எங்கள் வீட்டின் மேல் அக்கறை வந்தது. டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்கள் நான் தண்ணீர்க் குடத்தோடு போகும்போது கூப்பிட்டு, “என்ன புள்ள, ஒங்க சித்தப்பாரு எத்தன பேரச் சுட்டாராம்?” என்று கேட்பார்கள். நான் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். எங்கள் தெருப் பக்கமே வராத வாத்தியார் ஒருவர், பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தி வணக்கம் வைக்கச் சொன்னார். பட்டாளத்தான் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவர், வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டாமா என்று சித்தியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

போன் இல்லை, கடுதாசி இல்லை. மாமியாருக்கே தோலைப் பொறுத்துக்கொள்ள முடியாமல் போனது. இருமல் வந்துவிட்டது. “இந்நேரம் எறங்காமலா இருப்பான்” என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். சித்தி வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல், “கூட்டுன்னு சொல்லுங்க அத்தை, கூட்டிடுறேன்” என்பாள். மாமியார் சொல்ல மாட்டார். எழுந்து ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார். சாயங்காலம் வந்து மறுபடி அதே பேச்சு. இரண்டு பெரிய மனுஷிகள், ஒரு விளக்குமாறு. யாராவது ஒருத்தர் சொன்னால் முடிகிற காரியத்தை ஏன் இப்படி இழுக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. முடியாமல் இருப்பதே நல்லது என்று இருந்தேன்.

எங்கள் தெருக் கோடியில் ஒரு அக்கா இருந்தாள். அவள் புருஷன் லாரி ஓட்டப் போய் விபத்தில் செத்துப்போனான். அவன் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இவள் வீட்டைக் கூட்டினாளாம். பார்த்தவர்கள் இருந்தார்கள். கல்யாணம், காதுகுத்து எதற்கும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். அவளுக்கு ஒரு பேர் இருந்தது. ஆனால் தெருவில் ‘கூட்டித் தள்ளினவ’ என்றுதான் சொல்வார்கள். சித்தி தண்ணீருக்குப் போகும்போது அவளிடம் மட்டும் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவாள்.

ஒருநாள் காலையில் வெங்காய மண்டியில் எடை போடுகிறவர் சைக்கிளில் வந்தார். அவசரத்துக்குக் கூப்பிட அந்த மண்டி போன் நம்பரைத்தான் சித்தப்பா எழுதிக்கொண்டு போயிருந்தார். எடைக்காரர் அதிகம் பேசாதவர். தராசுப் பக்கத்தில் நின்று எடையைக் கூவுவதற்கு மட்டும்தான் வாயைத் திறப்பார். சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மாமியாரிடம் சொன்னார்.

“ஒங்க மவன் போய்ச் சேந்துட்டாராம். இப்பத்தான் போன் வந்துச்சு.”

மாமியார் அப்படியே வாசலில் விழுந்தார். தெருப் பெண்கள் கூடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? வெங்காயக் கையோடு, மாவுக் கையோடு ஓடிவந்து அவரைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். கட்டிப் பிடித்து அழ ஆரம்பித்தார்கள். தோல் பறந்தது. மாமியார் மாரில் அடித்துக்கொண்டு ராகம் போட்டார். நடுவில் ஒரு வரி வந்தது.

“எவ வெளக்கமாத்தத் தொட்டாளோ, எம்புள்ள பாதி வழியில போயிட்டானே!”

அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் சித்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சுவரோரம் நின்றிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

“எல்லாரும் தரையப் பாத்துக்குங்க” என்றாள். மறுபடி சொன்னாள். “நல்லாப் பாத்துக்குங்கக்கா.”

வீடு இப்படிக் கிடக்கிறதே என்று வெட்கப்பட்டுப் பேசுகிறாள் என்று நான் நினைத்தேன். உதவி செய்யலாம் என்று குனிந்து அவள் காலடியில் கிடந்த தோலைக் கையால் அள்ள ஆரம்பித்தேன். முதுகில் ஒரு அறை விழுந்தது. அதுவரை அவள் என்னை அடித்ததில்லை.

“கைய எடுடி.”

எடைக்காரர் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார். நல்ல சேதி கொண்டுவந்தால் ஒரு சொம்பு மோராவது கொடுப்பார்கள் என்று நின்றாரோ என்னவோ. ஒரு பெரியவர் அவர் தோளைப் பிடித்து, போனில் பேசியது எந்த ஆபீசர் என்று கேட்டார்.

“ஆபீசர் எங்கங்க? இந்தம்மா மவன்தான் பேசுனாரு.”

“செத்தவன் எப்பிடிய்யா பேசுவான்?”

“யாரு செத்தா?” என்றார் எடைக்காரர்.

அழுகை ஒவ்வொருவரிடமாக நின்றது. கடைசியாக மாமியாரிடம் நின்றது. அவர் எழுந்து வாசலுக்குப் போய் எடைக்காரரின் மூன்று தலைமுறையையும் இழுத்தார். வந்து சேர்ந்துட்டாருன்னு நல்ல வாக்காச் சொல்ல ஒனக்கு வாயில என்ன கொழுக்கட்டையா என்று கேட்டார்.

“அவரு அங்கதானுங்களே போனாரு. இங்கயா வந்தாரு?” என்றார் எடைக்காரர். அதற்குள் பெண்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ அவருக்கு மோர் கொடுத்தார்கள்.

மாமியார் மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே வந்து, “அதான் எறங்கிட்டானே, கூட்டு” என்றார். இத்தனை நாள் வராத வார்த்தை அன்றைக்கு வந்துவிட்டது. சித்தி விளக்குமாற்றை எடுத்தாள். எடுத்து, என்னிடம் கொடுக்காமல், மாமியாரிடம் நீட்டினாள்.

“நீங்க கூட்டுங்க அத்தை.”

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் வாங்கிக் கூட்டினார். தோல் அவருக்கு அடங்காமல் பறந்தது. முடிகிற வரைக்கும் சித்தி யாரையும் போக விடவில்லை. இருங்கக்கா, காப்பி போடுறேன் என்று நிறுத்தி வைத்தாள்.

சித்தப்பா அந்தப் பொங்கலுக்கு வந்தார். அவரை எந்த மலையிலும் ஏற்றவில்லையாம். ஏதோ கிடங்கில் உட்கார வைத்துக் கம்பளி எடுத்துக் கொடுக்கச் சொன்னார்களாம். டீக்கடைக்காரர்களுக்கு அது ஏமாற்றம்தான். அப்புறம் என்னை அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ வீடு கூட்டிவிட்டேன்.

அந்தக் காலைக்கு மறுநாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். வாங்கிய அடிக்கு ஈடாக, யாரும் சொல்லாமலே எழுந்து வீடு முழுக்கக் கூட்டினேன். மாமியார் ஆட்டோடு வெளியே போயிருந்தார். சித்தி பாயில் எழுந்து உட்கார்ந்து, வெறும் தரையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். புருஷன் செத்துவிட்டான் என்று சொன்னபோது அழாதவள், அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த பிறகு அழுதாள். எந்த மூலையிலோ தோலை விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று நான் முதலிலிருந்து மறுபடி கூட்ட ஆரம்பித்தேன்.