மலையைக் கடலாகப் படித்த பிள்ளை

வெளிநாட்டுப் பள்ளிக்குக் கிளம்பும் இளம் ஆசிரியர்கள் போத்தனூரில் என் வீடு தேடி வருவதுண்டு. என்ன எடுத்துப் போகலாம் என்று கேட்பார்கள். புளி, பருப்புப் பொடி, நல்லதாக ஒரு குடை என்று சொல்லி அனுப்புவேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

1. முட்டை

தொண்ணூறுகளின் நடுவில் மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்குப் புவியியல் ஆசிரியையாகப் போனேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தால் பத்து நிமிடம். ஜன்னலுக்கு வெளியே கடல், கரும்பலகைச் சுவருக்குப் பின்னாலும் கடல். சாக்பீஸ்கூட கையில் லேசாக ஈரமாகவே இருக்கும். வகுப்பில் ஒரு வாக்கியத்தை முடித்து அடுத்ததைத் தொடங்கும் இடைவெளியில் அலைச்சத்தம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னும் தூங்கி எழவில்லையோ என்று முதல் சில மாதங்கள் எனக்கே சந்தேகம்.

நான் பிறந்தது ஆனைமலையில். வாசலில் நின்றால் மலை தெரியும். அதனால் காண்டூர் பாடம் என்றால் தனி உற்சாகம். ஒரே உயரமுள்ள இடங்களைச் சேர்த்து வரையும் கோடுதான் காண்டூர். வரைபடத்தில் மலை வளையத்துக்குள் வளையமாகத் தெரியும். வால்பாறைப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைப் போர்டில் வரைந்து, பஸ் டிரைவர் மாதிரி ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வுக்கு நானே வினாத்தாள் தயாரித்தேன். நான்கு வளையங்கள். வெளியிலிருந்து உள்ளே 100, 200, 300, 400. நடுவில் ‘ஏ’ என்று ஒரு புள்ளி. ‘ஏ’யில் நின்று பார்த்தால் என்ன தெரியும் என்பது கேள்வி. ஷிஃபானா என்ற மாணவி ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் தருகிறேன்: “ஒன்றும் தெரியாது. அங்கே இருட்டு. மீன் அதிகம்.”

ஆசிரியர் அறையில் அதை உரக்கப் படித்துச் சிரித்தேன். சிவப்பு மையில் முட்டை போட்டேன். அந்தப் படத்தை வைத்துக் கேட்ட மற்றக் கேள்விகளுக்கும் முட்டைதான். மொத்தத்தில் அவள் தேறவில்லை.

மாதிரித் தேர்வில் தேறாதவர்கள் பொதுத்தேர்வுக்குப் போக முடியாது. பட்டியல் மறுநாள் காலைப் படகில் தலைநகருக்குப் போகிறது. ஷிஃபானாவுக்கு நர்ஸ் ஆக ஆசை. இந்தத் தேர்வை எழுதினால்தான் அதற்கு வழி.

2. தோணி

அதே பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்த ஜமால் சார் கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர். அவர் சிரிக்கவில்லை.

“ஏனுங்க டீச்சர், அந்தப் புள்ள மக்கு இல்லீங்க. என்ற வகுப்புல மொதல்ல முடிக்கறதே அதுதானுங்க. நீங்கதான் எதையோ உட்டுப்போட்டீங்க.”

“நான் என்னத்தைங்க உட்டேன்? மலைய வரைஞ்சே காட்டினனுங்களே!”

“இந்த ஊர்ல மலைய ஆருங்க பாத்திருக்கறா?”

எனக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் கால் போன போக்கில் படகுத்துறைக்குப் போனேன். ஷிஃபானாவின் அப்பா தோணியில் ஒரு பெரிய தாளை விரித்து வைத்திருந்தார். முன்பு கப்பலில் வேலை பார்த்தவர். பக்கத்தில் அவளும் இருந்தாள். அழுத முகம்.

தாளை எட்டிப் பார்த்தேன். வளையத்துக்குள் வளையம். உள்ளே போகப்போக எண்கள் ஏறின. என் வினாத்தாளேதான்.

“இது என்ன?” என்று கேட்டேன்.

“கடல், மிஸ். எண் ஏற ஏற ஆழம். நடுவில்தான் ரொம்ப ஆழம். அப்பா அங்கேதான் தூண்டில் போடுவார்.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: “உங்கள் ஊர் பஸ் சுற்றிச் சுற்றி உள்ளே இறங்குகிறது என்றுதான் நினைத்தேன். இல்லையா?”

அந்த நேரம் கடல் அசையாமல் பால்போலக் கிடந்தது. வால்பாறை பஸ் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு, வளைவு வளைவாகத் தண்ணீருக்குள் இறங்கிப் போவதை நானும் ஒரு நிமிடம் பார்த்தேன். ஜன்னலோரம் மீன்கள். பிறகு வெட்கம் பிடுங்கித் தின்றது.

3. ஒரு தாள்

நேராகத் தலைமை ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். தீவுக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். வினாத்தாளை வாங்கிப் பார்த்தார்.

“இது உயரம் என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள்?”

எங்கேயும் எழுதவில்லை. ஆனைமலைக்காரிக்கு அதை எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை.

“வினாத்தாளில் பிழை உங்களுடையது என்று எழுதிக் கொடுங்கள். அவள் பெயரைச் சேர்க்கிறேன். ஆனால் அந்தத் தாள் உங்கள் ஃபைலில் இருக்கும்.”

என் ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டிக்கும் விண்ணப்பமும் அதே ஃபைலில்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும். பேனாவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். பிறகு எழுதினேன்.

காலைப் படகில் அவள் பெயர் போயிற்று. அடுத்த வாரம் பிளாஸ்டிக் தொட்டியில் ஈர மணலால் மலை செய்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினோம். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் தொட்ட இடத்தில் ஷிஃபானா சுற்றிக் கோடு கீறினாள். நுனி மட்டும் மிஞ்சியதும் “மிஸ், உங்கள் மலை தீவாகிவிட்டது” என்றாள். பொதுத்தேர்வில் நல்லபடியாகத் தேறினாள்.

என் ஒப்பந்தம் நீளவில்லை. வருத்தம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல விட்டது இதுதான்: முட்டை போடுவதற்கு முன்னால், ஏன் இப்படி எழுதினாய் என்று பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஊர் திரும்பிய வருடம் வால்பாறைக்குப் பஸ்ஸில் போனேன். பாதி மலை ஏறியபோது கீழே ஆழியாறு அணை இருக்கும் இடத்தில் வெறும் மூடுபனி. அங்கங்கே குன்றுகளின் உச்சிகள் மட்டும் தீவுகளாக நின்றன. பக்கத்து சீட்டுப் பெண் என் தோளைத் தொட்டாள்.

“ஏனுங்க்கா, ஜன்னலோரம் நீங்கதான இருக்கறீங்க, கீழ என்னங்க தெரியுது?”

“ஒண்ணும் தெரியலீங்க அம்மணி,” என்றேன். “அங்க இருட்டு. மீன் அதிகம்.”