நாற்பத்தெட்டு நாளும் ஒரு கேரம் போர்டும்

ஆபத்தில் வேண்டிக்கொள்கிறவர்கள் கொஞ்சம் யோசித்து வேண்டிக்கொள்ள வேண்டும். மொட்டை என்று சொல்லியிருக்கலாம். பால்குடம் என்று சொல்லியிருக்கலாம். மலைக்கு மேலே கொடைக்கானலில் நாங்கள், அந்தப் பக்க அடிவாரத்தில் பழனி முருகன். எதைச் சொல்லியிருந்தாலும் ஒரே நாளில் போய்த் தீர்த்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் அன்று சாயங்காலம் என் கண்ணுக்கு நேரே இருந்தது டிவி. வாயில் வந்ததும் அதுதான்.

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த நாள். என் வீட்டுக்காரர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். பூண்டியில் கேரட்டும் வெள்ளைப்பூண்டும் ஏற்றிக் கீழே வத்தலக்குண்டில் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. காலையில் போனவர் மதியத்துக்கு மேல் போனை எடுக்கவில்லை. நான் ஒரு லாட்ஜில் கவுன்டரில் உட்கார்ந்து ரூம் சாவி கொடுக்கிறவள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால், மலைச்சாலையில் மண்சரிவு என்று செய்தி ஓடுகிறது. சாய்ந்த மரம், அதன் கீழே நசுங்கிய ஒரு வண்டியின் பின்பக்கம். அதையே திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். மழையில் வண்டியின் நிறம் தெரியவில்லை. பதினைந்து தடவையாவது பார்த்திருப்பேன். பார்க்கப் பார்க்க அது எங்கள் வண்டியாகிக்கொண்டே வந்தது.

"முருகா, மனுசன் முழுசா வீடு வந்து சேரட்டும். ஒரு மண்டலத்துக்கு இந்த வீட்டுல டிவி ஓடாது" என்று வாய்விட்டுச் சொல்லி சுவிட்சை அணைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மனுசன் முழுசாக வந்து சேர்ந்தார், கையில் மல்லிகைப்பூப் பொட்டலத்தோடு. ரோட்டை அடைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் வண்டியைக் கீழேயே ஓரங்கட்டியிருக்கிறார். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. எதிரே டீக்கடை. கடையில் டிவி. டிவியில் கிரிக்கெட்.

"கடைசி ஓவர் வரைக்கும் இழுத்துருச்சு" என்றார்.

"நான் இங்க செத்துப் பொழச்சேன். நீங்க மேட்ச் பாத்தீங்களாக்கும்" என்றேன். பூவை வாங்கிக்கொண்டுதான் சொன்னேன். பிறகு நேர்ந்துகொண்டதைச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏ இவளே, வேண்டுனது நீ. நான் எதுக்குப் பாக்காம இருக்கணும்?"

"உங்க உசுருக்குத்தான வேண்டுனேன்?"

அடுக்களைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அன்றைய தேதிமேல் பேனாவால் ஒரு கோடு போட்டேன். பேனாவையும் நூலில் கட்டி அங்கேயே தொங்கவிட்டேன்.

முதல் வாரம் எங்கள் இரண்டு பேருக்கும் கை கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் ஆறரைக்கு மேல் யாரும் வெளியே தலைகாட்ட முடியாது. காட்டுமாடு வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். மகள் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். ஆக, இருட்டினால் இந்த ஒன்றரை அறைக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். நான் புடைத்த அரிசியை மறுபடி புடைத்தேன். ஏழரை மணிக்குப் பக்கத்து வீட்டில் என் தொடரின் பாட்டு கேட்கும். எனக்கு உள்ளங்கால் வரைக்கும் அரிக்கும். மறுநாள் லாட்ஜில் பெருக்குகிற அக்காவிடம் கதையைக் கேட்டுக்கொள்வேன். கேட்டு முடித்தபின், காதால் கேட்பதும் பார்த்த கணக்கில் சேருமோ என்று வேறு ஒரு பயம் பிடித்துக்கொள்ளும்.

மகளிடம் போனில் புலம்பினால், "போன்லயே பாத்துக்கோம்மா, அது டிவி இல்லையே" என்றாள். முருகனிடம் வக்கீல் வேலை காட்டச் சொல்கிறாள். அதற்கும் எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. பனிமஞ்சு இறங்கிவிட்டால் நெட் சுற்றிக்கொண்டே இருக்குமே தவிர ஒன்றும் வராது.

ரேடியோ வைத்துப் பார்த்தோம். பாட்டு நல்ல இடத்துக்கு வரும்போது கரகரவென்று போய்விடும். பேப்பரைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். அவரால் ஒரு வரி வாசித்தால் ஒன்பது வரி கருத்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புளியங்கொட்டையை உரசித் தாயம் விளையாடினோம். மூன்றாம் நாள், விழுந்தது நாலா தாயமா என்ற தகராறில் நான் கொட்டைகளை அள்ளி அடுப்பில் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கேரம் போர்டு பரணில் இருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்கியது. இறக்கிப் பார்த்தால் மலை ஈரத்தில் பலகை ஊதிப்போய்க் கிடந்தது. எந்தக் காயை எங்கே அடித்தாலும் கடைசியில் அடுக்களைப் பக்கத்துக் குழியை நோக்கித்தான் நகரும். பலகையில் தூவுகிற மாவு கட்டி கட்டியாக இருந்தது. தோசைக்கல்லில் போட்டு லேசாகச் சூடு காட்டி உதிர்த்தேன்.

"இது கேரம் இல்ல, மலைச்சரிவு" என்றார் அவர்.

ஆனால் மனுசன் உட்கார்ந்துவிட்டார். அடுக்களைப் பக்கம் உட்கார்கிறவருக்கு ஆட்டம் பாதி கைக்குள் என்பதால், அந்தப் பக்கம் ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அவருக்கு என்று முறை வைத்தோம். அவர் பலகையின் சரிவைக் கணக்குப் போட்டு, கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஒடிப்பதுபோல ஸ்ட்ரைக்கரை வளைத்து அடிப்பார். நான் குருட்டாம்போக்கில் அடித்தே சிவப்புக் காயைப் போடுவேன். அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்தாறு வருசக் கல்யாணத்தில் அவர் முகத்தை அவ்வளவு நேரம் நேருக்கு நேர் பார்த்ததில்லை. இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பது அப்போதுதான் தெரியும். எப்போது விழுந்தது என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, முப்பத்தோராம் நாள் வரைக்கும்.

அன்று லாட்ஜிலிருந்து வந்து காலைக் கழுவிவிட்டு, போகிற போக்கில் செட்-டாப் பாக்ஸ்மேல் உள்ளங்கையை வைத்தேன். மகள் பத்தாவது படிக்கும்போது பழகிய பழக்கம். டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள், பெட்டி காட்டிக்கொடுத்துவிடும். அன்றும் காட்டிக்கொடுத்தது. வீட்டுக்காரர் கட்டிலில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்குகிறவர்கள் கண்ணை அவ்வளவு இறுக்கமாக மூடுவதில்லை.

"பொட்டி ஏன் சுடுது?"

"வெயிலு பட்டுருக்கும்."

நாலு நாளாக எங்கள் தெருவில் யாரும் சூரியனைப் பார்க்கவில்லை.

"மறுபடி ஒண்ணுலேர்ந்து" என்று சொல்லி நாள்காட்டிப் பக்கம் போனேன்.

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இது என்ன பரமபதமா, பாம்பு கடிச்சா கீழ வாரதுக்கு? ரெண்டே ரெண்டு ஓவர் பாத்தேன்."

"பாம்ப அவுத்து விட்டது நீங்கதான்."

"உனக்கு வேற சோலி இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சண்டை போட்டேன், பாத்திரத்தை உருட்டினேன், கேரம் போர்டைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து வைத்தேன். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அது கோபம் இல்லை, பயம். மறுநாள் வெள்ளனே அவர் லோடு ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டும். வாக்குத் தவறின வீட்டிலிருந்து அவர் வண்டி கிளம்புகிறது என்பதுதான் என்னை உறுத்தியது. இதை மூடநம்பிக்கை என்று மகள் சொல்லுவாள். சொல்லட்டும். அந்த நசுங்கிய வண்டியைப் பதினைந்து தடவை பார்த்தது அவள் இல்லை.

அன்று அடுப்படியில் நின்று அழுதேன். அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு டிவி பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவராகவே கேரம் போர்டைத் துடைத்து நடுவில் போட்டார். மாவையும் அவரே தோசைக்கல்லில் சூடு பண்ணினார். கொஞ்சம் கருகிவிட்டது.

இரண்டாம் சுற்றில் நாற்பத்துமூன்றாம் நாள், பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை. விடுமுறைக் கூட்டம் மலையேற ஆரம்பித்திருந்தது. லாட்ஜில் ரூம் கேட்டு நின்றவர்களுக்கு இல்லை என்று சொல்லியே தொண்டை வறண்டுவிட்டது. அவர் காலையில் இறங்கும்போது, "வெரசா வந்துருவேன். இன்னிக்கு அடுப்படிப் பக்கம் உன் மொற, மறந்துறாத" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மணிக்குச் சரக்கை இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டதாக மண்டியில் சொன்னார்கள். ஐந்துக்கு வந்திருக்க வேண்டும்.

ஆறு ஆனது. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. ஆறரை ஆனது. வாசலில் காட்டுமாடு ஒன்று வந்து வேலியோரம் மேய ஆரம்பித்தது. கீழ் வீட்டுக்காரரிடம் போய்க் கேட்கவும் வழியில்லை. மஞ்சு ஜன்னல் வரைக்கும் இறங்கிவிட்டது. போனில் நெட் சுற்றியது, சுற்றியது, நின்றுவிட்டது.

கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் கேரம் போர்டைப் போட்டு உட்கார்ந்தேன். என் ஆட்டத்தையும் நானே ஆடினேன், எதிர்ப்பக்கம் போய் அவர் ஆட்டத்தையும் நானே ஆடினேன். அடுக்களைப் பக்கம் அன்று என் முறை, அவருக்கு விட்டுக்கொடுத்தேன். அவர் காய் குழிக்குள் விழுந்தால் வண்டி ஒரு வளைவு ஏறிவிட்டது என்று வைத்துக்கொண்டேன். விழவில்லை என்றால் அந்த அடியைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி அடித்தேன். ஊரை ஏமாற்றலாம். எனக்குள்ளே கிடந்து அடித்துக்கொண்டதை ஏமாற்ற முடியவில்லை.

ஏழு மணிக்கு எழுந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நேரே போய் டிவியைப் போட்டேன்.

மலைச்சாலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாரோ நாலு பேர் வேறு எதையோ பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். சேனல் சேனலாக மாற்றினேன். கீழே ஓடும் எழுத்தை ஒன்று விடாமல் படித்தேன். அரை மணி நேரம் நின்றபடியே பார்த்தேன். அதற்கப்புறம்தான், என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. சட்டென்று அணைத்தேன். அவர் பார்த்தது ரெண்டு ஓவர். அதுவும் வீட்டுக் கட்டிலில் பத்திரமாக இருந்துகொண்டு பார்த்தது. நானோ, அவர் மலைமேல் எங்கோ ஏறிக்கொண்டிருக்கும்போது வாக்கை உடைத்திருக்கிறேன். இனி அவருக்கு ஒன்று என்றால் அது மழையும் இல்லை, மண்ணும் இல்லை, நான்தான். சாமி படத்தைப் பார்க்கவே கூசியது. அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்காது. வண்டிச் சத்தம் கேட்டது. ஹாரனை மெதுவாக அடித்து மாட்டை விரட்டுகிற சத்தமும் கேட்டது. கதவைத் திறந்தேன். மஞ்சுக்குள்ளிருந்து வந்தார், தலையெல்லாம் ஈரம்.

"டூரிஸ்ட் பஸ்ஸு ஒண்ணு வளைவுல நின்னுபோச்சு. முன்னயும் போக முடியல, பின்னயும் போக முடியல. மூணு மணி நேரம். டவரும் இல்ல. பயந்துட்டியா?"

"எனக்கென்ன பயம்?" என்றேன். தலை துவட்டத் துண்டை எடுத்து நீட்டினேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பாதி ஆட்டத்தில் நிற்கிற போர்டைப் பார்த்தார். அவர் பக்கத்தில் காய்கள் அடுக்கியிருந்ததைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு டிவி இருந்த மூலைக்குப் போய், நான் செய்வதுபோலவே பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். மலைக்குளிரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த கை அது. கொஞ்சம் சூடு இருந்தாலும் சுள்ளென்று தெரியும்.

கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"சில்லுன்னு கெடக்கு" என்றார்.

நாள்காட்டிக்குப் போய், தொங்கிய பேனாவை எடுத்து, அன்றைய தேதிமேல் அவரே கோடு போட்டார். பிறகு அடுக்களைப் பக்கத்தை எனக்கு விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "யாரு ஆட்டம்?" என்று கேட்டார்.

இந்த இருபத்தாறு வருசத்தில் அவர் சொன்ன பொய்களில் ஒன்றைக்கூட நான் சும்மா விட்டதில்லை. அன்று, "உங்க ஆட்டந்தான்" என்று சொல்லி ஸ்ட்ரைக்கரை அவர் பக்கம் தள்ளினேன்.